குழந்தையும் கூடைப்பந்தாட்டமும்

பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தேர்த்திருவிழாவுக்குப் போவது எப்படி என்று நம் ஊர்த் தாத்தாக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. எந்த மூலையில் நின்றால் தேர் திரும்புவது நன்றாகத் தெரியும், எந்த நேரத்தில் கூட்டம் நெருக்கும், குழந்தைக்குத் தூக்கம் வருமுன் எப்போது வீடு திரும்ப வேண்டும் என்பவையெல்லாம் பரம்பரையாக வந்த அறிவு. ஆனால் பத்தொன்பதாயிரம் பேர் அமரும் மூடிய மண்டபமொன்றில், தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆடும் கூடைப்பந்தாட்டத்திற்கு ஒன்பது வயதுப் பேத்தியை அழைத்துச் செல்லும் பொறுப்பு, 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எனக்கு வாய்த்தது. அங்கே பரம்பரை அறிவு எனக்குக் கைகொடுக்கவில்லை. அன்று நான் கண்டதையும், கண்டு தெளிந்ததையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என் மகன் அந்நகரில் பணியாற்றுகிறான். அவன் வாங்கி வைத்திருந்த நுழைவுச் சீட்டுகள் இரண்டு. அலுவலகத்தில் அவசர வேலை வந்துவிட்டதால், “அப்பா, நீங்கள் அழைத்துப் போங்கள்” என்றான். அதற்குள் இன்னொரு செய்தியும் இருந்தது. என் பேத்தி தன் ஊர்ச் சிறுமியர் குழுவில் கூடைப்பந்து ஆடி வந்தாள். குழுவில் எல்லாரினும் குள்ளமானவள் அவளே. அந்தப் பருவம் முழுவதும் ஒரு பந்துகூட அவள் கையிலிருந்து கூடைக்குள் விழவில்லை. இனி ஆடப்போவதில்லை என்று தாயிடம் சொல்லிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை ஓர் ஆட்டம் இருந்தது. அதற்கும் வரமாட்டேன் என்றாள். “அவளுக்கு நீங்கள் எதுவும் எடுத்துச் சொல்ல வேண்டாம், கூட்டிக்கொண்டு மட்டும் போய் வாருங்கள், மாமா” என்று என் மருமகள் என்னை எச்சரித்து அனுப்பினாள். முப்பது ஆண்டுக்கு மேல் எடுத்துச் சொல்வதையே தொழிலாகக் கொண்டிருந்தவனுக்கு இது கடினமான கட்டளைதான்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் பாடக்குறிப்பு எழுதக் கற்பித்தபோது, முதற்படி ஆயத்தம் என்றார்கள். ஆகவே ஆயத்தத்திலிருந்து தொடங்குகிறேன். குழந்தையை அழைத்துச் செல்வோர் முதலில் பார்க்க வேண்டியது ஆட்டம் தொடங்கும் நேரம். பெரும்பாலான ஆட்டங்கள் இரவு ஏழு, ஏழரை மணிக்குத் தொடங்குகின்றன. ஆட்டத்தின் அளவு 48 நிமிடமே. பன்னிரண்டு நிமிடம் வீதம் நான்கு கால்பகுதிகள். ஆயினும் பந்து எல்லைக்கு வெளியே போனாலும், நடுவர் ஊதினாலும், பயிற்சியாளர் இடைவேளை கேட்டாலும் கடிகாரம் நின்றுவிடுமாகையால், அந்த 48 நிமிடம் ஓடி முடிய இரண்டேகால் மணி நேரம் ஆகிறது. இரவு ஆட்டமென்றால் குழந்தை படுக்கைக்கு வரப் பதினொரு மணியாகும். எங்களுக்குக் கிடைத்ததோ ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் ஆட்டம். சிறு குழந்தைகளுக்கு இதைவிட நல்ல வேளை இல்லை.

அடுத்தது இருக்கை. தரையை ஒட்டிய இருக்கைகளின் விலையைக் கேட்டால் நம்மவர் ஒரு மாதச் சம்பளத்தை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். எங்கள் இருக்கைகள் மேல்தளத்தில், நடுக்கோட்டுக்கு நேராக இருந்தன. முதலில் குறைப்பட்டுக்கொண்டேன், பிறகு அதுவே நல்லதென்று கண்டேன். கீழே அமர்ந்தால் ஆட்டக்காரரின் வியர்வை தெரியும். மேலே அமர்ந்தால் ஆட்டம் தெரியும். 94 அடி நீளமும் 50 அடி அகலமும் கொண்ட அந்தத் தளத்தில் பத்துப் பேரும் எவ்வாறு விலகுகிறார்கள், எவ்வாறு கூடுகிறார்கள், யார் யாருக்கு வழி திறக்கிறார்கள் என்பது கோலம்போல் கண்ணில் படும். வரிசையின் ஓரத்து இருக்கை கிடைத்தால் இன்னும் நலம். குழந்தைக்குத் தாகமும் மற்றவையும் ஆட்டத்தின் நடுவில்தான் வரும். இருபது பேரின் முழங்காலைக் கடந்து போவது எளிதன்று.

இரைச்சலைப் பற்றி எனக்கு எவரும் சொல்லவில்லை. ஒலிபெருக்கி, முரசு, பத்தொன்பதாயிரம் தொண்டை, எல்லாம் ஒரு கூரைக்குள். அடுத்த வரிசையில் ஓர் இளந்தாய் தன் கைக்குழந்தைக்குக் காதுறை மாட்டியிருந்ததைப் பார்த்த பிறகே, நானும் பேத்திக்கு ஒன்று கொண்டுவந்திருக்கலாமே என்று தோன்றியது. அவள் தன் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு தன் வழியைத் தானே கண்டுகொண்டாள்.

அந்த அரங்கம் 1995-இல் திறக்கப்பட்டது. புகைவண்டி நிலையத்தின் மேலேயே கட்டப்பட்டிருப்பதால், வண்டியை விட்டு இறங்கினால் குளிரில் அதிகம் நடக்க வேண்டுவதில்லை. கதவு திறந்த உடனேயே உள்ளே போய்விட்டோம். இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்: குழந்தையோடு போகிறவர்கள் ஒரு மணி நேரமாவது முன்னதாகப் போகவேண்டும். ஆட்டத்துக்கு முன் ஆட்டக்காரர்கள் வந்து பழகுகிறார்கள். ஒரே இடத்தில் நின்று ஒரே எறியை இருபது முறை, முப்பது முறை எறிகிறார்கள். கரவொலியும் இல்லை, ஒலிபெருக்கியின் ஆரவாரமும் இல்லை. பந்து தரையில் மோதும் ஓசையும் காலணி கிறீச்சிடும் ஓசையும் மட்டும் கேட்கின்றன. பள்ளிக்கூடத்தில் நாம் ‘அப்பியாசம்’ என்று எழுதி எழுதிச் சலித்த சொல்லுக்குப் பொருள் அங்கே கண்ணெதிரே கிடைக்கிறது.

பேத்தி முதலில் பார்த்தது ஆட்டக்காரர்களை அன்று, தரையை. “ஏன் தாத்தா தரை துண்டு துண்டாக ஒட்டுப்போட்டாற்போல் இருக்கிறது?” என்றாள். 1946-இல், போர் முடிந்த தட்டுப்பாட்டுக் காலத்தில், நீண்ட பலகைகள் கிடைக்காமல் சிறு மரத்துண்டுகளை மாற்றி மாற்றிப் பொருத்தி அந்நகரில் ஆடுதளம் அமைத்தார்கள். பின்னர்ப் பழைய தளம் போய்ப் புதுத்தளம் வந்தபோதும், வறுமைக்காலத்து அமைப்பை விடாமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பாஸ்டன் செல்ட்டிக்ஸ் என்னும் அந்தக் குழுவுக்கு இன்று அதுவே அடையாளம்.

பிறகு அவள் கூரையைப் பார்த்தாள். அங்கே வாகை சூடிய ஆண்டுகளைக் குறிக்கும் கொடிகள் தொங்குகின்றன. 2024-ஆம் ஆண்டு வெற்றியோடு அவை பதினெட்டு ஆகிவிட்டன. வேறு கொடிகளில் எண்கள் மட்டும் இருந்தன. பெரும் ஆட்டக்காரர் அணிந்த எண்ணை அவருக்குப்பின் எவருக்கும் கொடுப்பதில்லை என்னும் வழக்கத்தால் அங்கே ஏற்றி வைத்தவை அவை. அவற்றுள் 6 என்னும் எண்ணைக் காட்டி, “அது யாருடையது?” என்று கேட்டாள். எடுத்துச் சொல்ல வேண்டாம் என்பது மருமகளின் கட்டளை. கேட்டதற்கு விடை சொல்லக் கூடாது என்று அவள் சொல்லவில்லையே!

அந்த எண் பில் ரசல் என்பவருடையது. பதின்மூன்று பருவங்கள் ஆடி, பதினொரு முறை வாகை சூடியவர். 1966-இல் இந்தத் தொழில்முறைச் சங்கத்தில் தலைமைப் பயிற்சியாளரான முதல் கறுப்பினத்தவர். 2022-இல் அவர் மறைந்தபோது, சங்கத்தைச் சேர்ந்த எந்தக் குழுவிலும் இனி 6 என்னும் எண் புதிதாக எவருக்கும் வழங்கப்படாது என்று முடிவு செய்தார்கள். அத்தகையவர், ஓக்லாந்து நகரில் பள்ளிச்சிறுவனாக இருந்தபோது குழுவில் இடம் கிடைக்காமல் தள்ளப்பட்டவர். உயர்நிலைப் பள்ளியிலும் இளையோர் குழுவில் பதினாறாவது ஆள். குழுவுக்கு இருந்த சட்டைகளோ பதினைந்து. ஜார்ஜ் பவுல்ஸ் என்னும் பயிற்சியாளர் அவரை அனுப்பிவிடாமல் வைத்துக்கொண்டார். பதினைந்தாவது சட்டையை ரசலும் இன்னொரு சிறுவனும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றி மாற்றி அணிந்தார்கள்.

சொல்லி முடித்துவிட்டு, நல்ல மேற்கோளைத் தக்க இடத்தில் வைத்துவிட்ட ஆசிரியனுக்குரிய நிறைவோடு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சற்று நேரம் யோசித்து, “அந்த இன்னொரு பையன் என்ன ஆனான், தாத்தா?” என்றாள்.

என்னிடம் விடையில்லை. கீழே பழகுகிறவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் மனம் வேறோரிடத்துக்குப் போய்விட்டது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஆட்டம் தொடங்குமுன் இதன் வரலாற்றைச் சிறிது கூறவேண்டும். பெரும்பாலான ஆட்டங்கள் எவர் படைத்தவை என்று தெரியாமல் மக்களிடையே தாமே வளர்ந்தவை. கூடைப்பந்தோ ஓர் ஆசிரியர் தம் வகுப்பை அடக்க முடியாமல் கண்டுபிடித்தது. பாஸ்டனுக்கு மேற்கே ஏறத்தாழத் தொண்ணூறு மைல் தொலைவிலுள்ள ஸ்பிரிங்பீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், 1891-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பதினெட்டு மாணவர் கொண்ட வகுப்பொன்று இருந்தது. வெளியே பனி, உள்ளே ஒரே மாதிரியான தேகப்பயிற்சி. இரண்டு ஆசிரியர்கள் அந்த வகுப்பைக் கைவிட்ட பிறகு, அது ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் கனடா நாட்டு இளைஞரிடம் வந்தது. கூரையின்கீழ் ஆடத்தக்க புது ஆட்டம் ஒன்றை இரண்டு வாரத்துக்குள் உருவாக்கும்படி தலைவர் குலிக் பணித்தார். வெளியாட்டங்களை உள்ளே கொண்டுவந்து பார்த்தார் நெய்ஸ்மித். கைகால்களுக்குக் காயந்தான் மிச்சம். பந்தை வைத்துக்கொண்டு ஓடுவதால்தான் ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளுகிறார்கள். ஓடக்கூடாது என்று விதித்துவிட்டால் தள்ளுவதற்குக் காரணமே இல்லை என்று ஒரு நாள் அவருக்குப் பட்டது. இலக்கைத் தலைக்குமேல் வைத்துவிட்டால் வலிமையால் அடிக்க முடியாது. வளைத்து மென்மையாகத்தான் எறியவேண்டும். விதிகள் பதின்மூன்று எழுதினார். பெட்டி இரண்டு கேட்டதற்குப் பள்ளியின் காவற்பணியாளர் பீச்சுப் பழக்கூடை இரண்டு கொண்டுவந்து கொடுத்தார். அவற்றை மாடத்துக் கைப்பிடியில் அறைந்தார்கள். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் உலகெங்கும் கூடையின் உயரம் 10 அடிதான்! அந்த மாடம் ஒன்பது அடியாக அமைந்திருந்தால் எத்தனை உயரமானவர்களுடைய வாழ்க்கை வேறாகியிருக்குமோ!

முதல் ஆட்டத்தில் பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடி, ஒரே ஒரு பந்து கூடையில் விழுந்தது. கூடையின் அடி அறுக்கப்படாமல் இருந்ததால், ஏணி வைத்து ஏறிப் பந்தை எடுத்தார்கள். ஆட்டத்தைப் படைத்த நெய்ஸ்மித் பின்னாளில் கான்சஸ் பல்கலைக்கழகக் குழுவுக்குப் பயிற்சியாளராக இருந்தார். அக்குழுவின் பயிற்சியாளர்களுள் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்தவர் அவர் ஒருவரே என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். நம் நாட்டுப் பள்ளிகளின் உடற்பயிற்சி ஆசிரியர் பலர் அக்கல்லூரியில் பயின்றவர்கள். ஆகவே நெய்ஸ்மித்தின் வகுப்பறைக்கும் நம் ஊர்ப் பள்ளி மைதானத்துக்கும் இடையே ஒரே ஒரு தலைமுறைத் தொலைவுதான்.

ஆட்டம் தொடங்கியது. விதிகளைப் பேத்திக்கு விளக்க வேண்டும் என்று எண்ணிப் போனவன் நான். அவளே எனக்கு ஆசிரியையானாள். வில்போல் வளைந்த கோட்டுக்கு வெளியே நின்று எறிந்து விழுந்தால் மூன்று புள்ளி, உள்ளே இருந்து எறிந்தால் இரண்டு என்றாள். மூன்று புள்ளி முறை இச்சங்கத்தில் 1979-இல் வந்தது. அதற்கும் முந்திய மாற்றமொன்றை மட்டும் நான் அவளுக்குச் சொன்னேன்; அது கணக்கைப் பற்றியது. கூடைக்கு மேலே சிவப்பு எண்கள் 24-லிருந்து இறங்கிக்கொண்டே வருவதை அவள் காட்டினாள். பந்தைப் பெற்ற குழு அதற்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். முன்னாளில் இவ்விதி இல்லை. முன்னே நிற்கும் குழு பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பொழுதைக் கழிக்கும். 1950-ஆம் ஆண்டு நவம்பர் 22-இல் நடந்த ஓர் ஆட்டம் 19-க்கு 18 என்று முடிந்தது. மக்கள் கொட்டாவி விட்டார்கள். சிராக்கியூஸ் குழுவின் உரிமையாளர் டானி பயசோன் என்பவர் எளிய கணக்கொன்று போட்டார். நல்ல ஆட்டத்தில் இரு குழுவும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை எறிகின்றன. ஆட்டம் 48 நிமிடம். அதாவது 2,880 வினாடி. வகுத்தால் 24. அந்த வகுத்தல் கணக்கு 1954-இல் விதியாயிற்று. பேத்தி விரல் விட்டுச் சரிபார்த்து ஒப்புக்கொண்டாள்.

குழந்தை நெடுநேரம் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணும் கருத்தும் களைத்துவிடும். இதற்கு நான் ஓர் உபாயம் செய்தேன். கட்டம் போட்ட சிறு குறிப்பேடும் பென்சிலும் கொண்டுபோயிருந்தேன். “பத்துப் பேரையும் பார்க்காதே, ஒருவரை மட்டும் தேர்ந்தெடு. அவர் எறிவதெல்லாம் எழுது. விழுந்தால் சுழி, தவறினால் பெருக்கல் குறி” என்றேன். சொந்தக் குழுவின் முதன்மையான ஆட்டக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தாள். ஊரெங்கும் அவர் படம் ஒட்டியிருக்கிறது. முதற்பாதி முடிவதற்குள் அவள் ஏட்டில் பெருக்கல் குறிகள் வரிசையாக நின்றன. சுழிகள் அவற்றினும் குறைவு.

“தாத்தா, இவர் சரியாக ஆடவில்லையா?”

“நன்றாகத்தான் ஆடுகிறார்.”

“இத்தனை தவறவிடுகிறாரே!”

உண்மை அதுதான். இக்காலத் தொழில்முறை ஆட்டத்தில் எறியப்படும் பந்துகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவையே கூடைக்குள் விழுகின்றன. தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிகளிலோ, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவைதாம். வளையத்தின் விட்டம் 18 அங்குலம். பந்தின் விட்டம் ஒன்பதரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மேலிருந்து பார்த்தால் இரண்டு பந்து ஏறக்குறைய அதில் அடங்கும் என்றாலும் தவறுகிறது. தொலைக்காட்சியிலோ செய்தியிலோ ஆட்டத்தைச் சுருக்கிக் காட்டும்போது விழுந்தவற்றை மட்டும் வெட்டி ஒட்டிக் காட்டுகிறார்கள். அதையே பார்த்து வளரும் குழந்தை, பெரியவர்கள் எறிந்தால் விழும், தான் எறிந்தால் விழாது என்று நம்பிவிடுகிறது. முழு ஆட்டத்தை இருந்து பார்த்தால்தான் தவறுதலின் கணக்கு தெரியும். குழந்தையை நேரில் அழைத்துச் செல்வதற்கு வேறு காரணம் தேடவேண்டாம் என்பது என் கருத்து. இதை அப்போது நான் அவளிடம் சொல்லவில்லை. மருமகளின் கட்டளை நினைவிருந்தது.

ஒரு செய்தியில் மட்டும் எனக்கு மனக்குறை. தவறு இழைக்கப்பட்டவருக்குத் தடையின்றி எறியும் வாய்ப்புத் தருகிறார்கள். 15 அடி தொலைவில் தனியே நின்று எறியவேண்டும். எதிர்க்குழுவினர் அவ்வாறு எறியும்போது, கூடைக்குப் பின்னால் இருப்பவர்கள் கைகளை ஆட்டியும் கூச்சலிட்டும் அவரைக் குழப்ப முயல்கிறார்கள். இது அங்கே வழக்கம். எவரும் குற்றமாகக் கருதுவதில்லை. “நாமும் கத்தவேண்டுமா?” என்று கேட்டாள் பேத்தி. உன் விருப்பம் என்றேன். அவள் கத்தவில்லை. பக்கத்திலிருந்த பருத்த மனிதர் நடுவரைப் பார்த்து ஒரு சொல் சொன்னார். உடனே குழந்தையைக் கவனித்துவிட்டு, என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். மறுபடி இரண்டு முறை கத்தியபோதும் நாகரிகமான சொல்லையே தேடிப் பிடித்துக் கத்தினார்.

இடைவேளை பதினைந்து நிமிடம். சோளப்பொரி வாங்கினோம், அதன் விலையைச் சொல்லி உங்கள் மனத்தை வருத்தமாட்டேன்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான், முன்னே விட்ட செய்தி மீண்டும் வந்து என் நெஞ்சில் அமர்ந்தது. பதினோராண்டு நான் தலைமையாசிரியனாக இருந்தேன். அரையாண்டுத் தேர்வு முடிந்த நாளிலிருந்து பத்தாம் வகுப்பின் உடற்பயிற்சிப் பாடவேளைகளை எடுத்துக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுத்துவந்தேன். தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது; பாராட்டும் வந்தது. உடற்பயிற்சி ஆசிரியர் முதலாண்டு என் அறைக்கு வந்து, “ஐயா, வாரத்தில் ஒன்றாவது விடுங்கள்” என்றார். தேர்வுக்கூடத்தில் இருக்கை எண் ஒட்டும் வேலையை அவருக்குக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த ஆண்டு அவர் கேட்கவில்லை. மைதானத்தின் மூலையில் துருப்பிடித்த கூடை வளையம் ஒன்று இருந்தது; வலை இல்லை. பள்ளிக்குழு என்று பெயருக்குப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்போம். மற்றவர்களை வகுப்புக்கு அனுப்பிவிடுவோம். பதின்மூன்றாவது பையன் யார், அவன் பெயர் என்ன என்று ஒருமுறையும் நான் கேட்டதில்லை. சட்டையைப் பங்கிட்டுக் கொடுத்த பவுல்ஸின் கதையைப் பேத்திக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கூசிப்போனேன்.

“தாத்தா, சோளப்பொரி சாப்பிடவில்லையா?” என்றாள். சாப்பிட்டேன்.

இரண்டாம் பாதியில் அவள் குறிப்பேட்டை என்னிடம் தந்துவிட்டு, ஆடாதவர்களைப் பார்க்கத் தொடங்கினாள். ஐவர் ஆட, மற்றவர் ஓரத்து நாற்காலிகளில் அமர்ந்திருப்பர். அவர்களுள் ஓர் இளைஞர் ஆட்டம் முழுதும் களத்தில் இறங்கவேயில்லை. ஆனால் சொந்தக் குழுவில் எவர் விழுந்தாலும், எவர் எறிந்தாலும் முதலில் எழுந்து நிற்பவர் அவரே. களைத்து வருகிறவருக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கிறார். காதோடு ஏதோ சொல்கிறார். “அவருக்கும் சம்பளம் உண்டா?” என்றாள். உண்டு என்றேன். “அவர் என்ன சொல்கிறார்?” என்றாள். எங்கள் இருக்கையின் உயரத்திலிருந்து அது எப்படிக் கேட்கும்? கடைசி நிமிடங்களில் பத்தொன்பதாயிரம் பேரும் எழுந்து நின்று கத்தினார்கள். நானும் எழுந்து கத்தினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உள்ளூர்க் குழு வென்றது. கூட்டம் கலையும்வரை பத்து நிமிடம் இருக்கையிலேயே இருந்துவிட்டு, புகைவண்டியில் வீடு திரும்பினோம். வழியெல்லாம் அவள் என் தோளில் தூங்கினாள்.

வீட்டில், ஆட்டம் எப்படி என்று கேட்ட தாயிடம், “அவர் பதினொரு தடவை தவறவிட்டார், அம்மா!” என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை தானாகவே காலணியை மாட்டிக்கொண்டு நின்றாள். பள்ளி உடற்பயிற்சிக்கூடத்தில் மடக்கு நாற்காலியில் நானும் மற்றத் தாத்தா பாட்டிமாரும் அமர்ந்திருந்தோம். அவளுக்கு இரண்டு முறை பந்து கிடைத்தது. முதலாவது வளையத்தைத் தொடவேயில்லை. இரண்டாவது வளையத்தின்மேல் ஒருமுறை துள்ளி வெளியே விழுந்தது. ஓரத்து நாற்காலிக்குத் திரும்பியபின், தன்னினும் உயரமான சிறுமி ஒருத்தி மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தபோது, துண்டை எடுத்துக் கொடுத்து, அவள் காதருகே குனிந்து என்னவோ சொன்னாள். வண்டியில் ஏறியதும், “தாத்தா, அந்தக் குறிப்பேடு எங்கே?” என்று கேட்டு வாங்கி, புதிய பக்கத்தில் தன் பெயரை எழுதி, அதன்கீழ் இரண்டு பெருக்கல் குறி போட்டாள்.